சுவர் ஓவியத்துக்கு புரொஜெக்டர்: ஆட்டோ கீஸ்டோன் படுத்தும் பாடு

2025 செப்டம்பரில் புரொஜெக்டருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கினதிலிருந்து, தொழிலில் இருக்கிற பசங்க எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் போர்டு எழுதுகிற தம்பி நேற்றும் போன் பண்ணினான். "அண்ணா, விலை இறங்கிடுச்சு. நீங்க வச்சிருக்கிறதையே நானும் வாங்கிடட்டுமா?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். என் புரொஜெக்டர் பெட்டி சர்வீஸுக்குப் போய் இப்போதுதான் வந்திருக்கிறது. அந்தக் கோபமும் இதில் சேர்ந்தே இருக்கும்.

புதுச்சேரியில் எனக்குச் சுவர் ஓவியம்தான் பிழைப்பு. அங்கன்வாடி, பள்ளிக்கூடம், ஓட்டல் என்று கிடைக்கிற சுவரெல்லாம் வரைவோம். இந்தப் பெட்டியை நான் சினிமா பார்க்க வாங்கவில்லை. தாளில் போட்ட ஸ்கெட்ச்சைச் சுவரில் பெரிதாக விழவைத்து, அதன்மேல் கோடு இழுக்கத்தான் வாங்கினேன். முன்பெல்லாம் நூல் அடித்து, கட்டம் போட்டு, தாளில் இருக்கிற கட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சுவரில் பெரிதாக்குவோம். பெரிய சுவர் என்றால் கட்டம் போடவே அரை நாள் போய்விடும். இப்போது இருட்டினதும் ஆரம்பித்தால் ராத்திரி சாப்பாட்டுக்குள் அவுட்லைன் முடிந்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே போட்ட காசு எப்போதோ வந்துவிட்டது.

எல்இடி பெட்டி, நேட்டிவ் 1080பி; அதாவது உள்திரையிலேயே 1920-க்கு 1080 பிக்சல் இருக்கிறது. நமக்கு முக்கியமானது த்ரோ ரேஷியோ. என்னுடையது 1.2. படம் எத்தனை அடி அகலம் வேண்டுமோ, அதைப்போல 1.2 மடங்கு தள்ளிப் பெட்டியை வைக்க வேண்டும். முத்தியால்பேட்டைச் சந்துகளில் எதிர்வீட்டு வாசலை ஒட்டி வைத்தாலும் 12 அடி கிடைத்தால் அதிகம். அப்போது படம் 10 அடி அகலம்தான் வரும். அதற்கு மேல் வேண்டுமானால் படத்தை இரண்டாக வெட்டி, பாதி பாதியாக விழவைத்து ஒட்டவைக்க வேண்டும். இந்த ஒட்டவைக்கிற வேலையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். என் சண்டையே அங்கேதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெரிய சந்தோஷம் கொடுத்தது பென்டிரைவ் ஓட்டை. போனை இணைப்பது தெருவில் பெரிய ரோதனை. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் டைப்-சி ஓட்டை சார்ஜ் போடவும் ஃபைல் மாற்றவும் மட்டும்தான். அதன் வழியாகப் படம் வெளியே வராது. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு என்ற வசதி போனிலேயே இருக்க வேண்டும்; ஐபோன் 15-லிருந்து இருக்கிறது. அது இல்லாத போனில் சாதாரண டைப்-சி எச்டிஎம்ஐ அடாப்டரை மாட்டினால் திரை இருட்டாகத்தான் கிடக்கும். வயர் இல்லாமல் காஸ்ட் பண்ணலாம் என்றால், போனை நட்டுக்குத்தலாகப் பிடித்ததும் படம் நடுவில் ஒரு பட்டையாகச் சுருங்கிவிடும். பாதி கோடு இழுக்கும்போது யாராவது கூப்பிட்டால் அவர் பெயரும் சுவரில் வந்து நிற்கும். பென்டிரைவில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஸ்கெட்ச்சை 1920-க்கு 1080 அளவில் ஜேபிஜியாகப் போட்டு, டிரைவை ஃபேட்32 என்கிற முறையில் ஃபார்மட் பண்ணிச் செருகினால் போதும். ஸ்லைடு ஷோவை மட்டும் மறக்காமல் நிறுத்திவிட வேண்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடாக மாற்றி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சுவர் முழுக்க வெளிச்சம் அடிக்காமல் கோடு மட்டும் எரியும், சாக்பீஸ் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

இனி ஆட்டோ கீஸ்டோன். பெட்டியைச் சாய்த்து வைத்தால் படம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் விழும். அதை நேராக்கும் வசதிக்குப் பெயர் கீஸ்டோன். லென்ஸ் அசையாது. பெட்டி தன் உள்திரையிலேயே படத்தை எதிர்ப்பக்கமாகக் கோணலாக்கிச் சுருக்கிப் போடுகிறது. அதனால் கொஞ்சம் பிக்சல் வீணாகும், மெல்லிய கோடுகள் பல்பல்லாக வரும். சினிமா பார்க்கிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதைத் தானாகச் செய்வதுதான் ஆட்டோ. உள்ளே சாய்வு பார்க்கிற சென்சார் ஒன்று இருக்கிறது. பெட்டி அசைந்தால் போதும், திரை ஒரு நொடி வெறுமையாகி, புது அளவில் படம் வந்து உட்காரும்.

தெருவில் பெட்டி அசையாமல் இருக்குமா? இரும்பு ஸ்டூல் மேல் வைத்திருக்கிறேன். ஒரு புல்லட் போகும், ஒரு குழந்தை ஸ்டூலைத் தொடும், எக்ஸ்டென்ஷன் வயரை யாராவது காலால் இழுப்பார்கள். பெட்டி அரை டிகிரி சாய்ந்தாலே 12 அடி தள்ளியிருக்கிற சுவரில் படம் ஒன்றேகால் அங்குலம் நகரும். ஆனால் ஆடின ஸ்டூல் பழைய இடத்துக்கே திரும்பினால் படமும் பழைய இடத்துக்கே வந்துவிடும், வேலை கெடாது. ஆட்டோ அதற்கு விடாது. ஆடுகிற நேரத்தில் ஒரு கணக்குப் போட்டு, அந்தக் கணக்கிலேயே படத்தை நிறுத்திவிடும். வரைகிறது மயில் என்றால் கழுத்து வரைக்கும் ஒரு அளவு, தோகை வேறொரு அளவு. பாதி பாதியாக ஒட்டவைக்கிற படம் என்றால் ஒட்டவே ஒட்டாது. போட்ட கோட்டின்மேல் படத்தைத் திரும்ப உட்காரவைக்க நான் படுகிற பாட்டில் கட்டமே போட்டிருக்கலாம் என்று தோன்றும்.

அதனால் கீஸ்டோனை அணைத்துவிட்டு, கொத்தனார் மாதிரிதான் பெட்டியை வைக்கிறேன். மேலே ரசமட்டம் வைத்து ஸ்டூல் காலுக்கு அட்டை கொடுக்கிறேன். பிறகு ஒரு வெறும் செவ்வகத்தைச் சுவரில் விழவைத்து டேப் பிடிக்கிறேன். குறுக்கு அளவு இரண்டும் சமமாக இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடக் கூடாது. மேலே அகலம், கீழே குறுகல் என்று விழும் படத்திலும் இரண்டு குறுக்கும் சமமாகத்தான் வரும். மேல் அகலம், கீழ் அகலம், இரண்டு பக்க உயரம் எல்லாம் பார்க்க வேண்டும். எல்லாம் ஒத்துவந்தால் ஸ்டூலின் காலைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் குறி போடுவேன். அதற்கப்புறம் ஸ்டூல் நகர்ந்தாலும் குறியில் வைத்தால் படம் கோட்டின்மேல் உட்காரும். இப்படித்தான் இத்தனை நாளும் ஓடியது, அருமையாக ஓடியது.

படத்தில் ஒரு கறுப்புத் திட்டு விழ ஆரம்பித்தது. தூசிதான். கடற்கரை ஊர்க் காற்றில் ஃபேன் எதையெல்லாமோ உள்ளே இழுக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்வீஸில் சுத்தம் செய்து கொடுத்தார்கள், திட்டு போய்விட்டது, படம் புதுசு மாதிரி பளிச்சென்று இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்காமல் சாஃப்ட்வேரையும் அப்டேட் பண்ணிவிட்டார்கள். இப்போது ஆட்டோ கீஸ்டோனை அணைத்தால் அந்த நேரத்துக்குத்தான் அணைந்திருக்கிறது. கரண்ட் ஒரு தடவை போய் வந்தால் மறுபடி ஆன். நான் மெனக்கெட்டு மட்டம் பார்த்ததெல்லாம் வீண். கேட்டதற்கு, "அது அப்டேட்ல வந்தது சார், எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி என்பது எப்படிப் பதிலாகும்? அணை என்று நான் சொன்னால் அணைந்தே இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கினது நான்.

இப்போது நடுவில் ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துச் சமாளிக்கிறேன். நல்ல பெட்டி, என் வேலையைப் பாதியாக்கிய பெட்டி. ஆனாலும் தம்பி, இன்றைக்கு என்னைக் கேட்டால் இதை வாங்காதே என்றுதான் சொல்வேன். எந்தக் கம்பெனி என்று போனில் சொல்கிறேன். எதை வாங்கப் போனாலும் ஒன்று மட்டும் செய். கடையிலேயே ஆட்டோ கீஸ்டோனை அணைக்கச் சொல். பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து மறுபடி போடச் சொல். அணைந்தபடியே இருந்தால் வாங்கு. திரும்ப ஆன் ஆகி நின்றால், எத்தனை ஆயிரம் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்துவிடு.