அமைலேஸ் அளவீடு: டி.என்.எஸ். முறையா, அயோடின் முறையா?

முளைகட்டிய கேழ்வரகை அரைத்து வடித்த சாற்றில் மாவுச்சத்தை உடைக்கும் நொதியான அமைலேஸ் எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய, கல்லூரி ஆய்வகங்களில் பெரும்பாலும் இரண்டு முறைகளில் ஒன்றைக் கையாளுகிறார்கள். மாவுச்சத்து உடைந்து வெளிவரும் ஒடுக்கும் சர்க்கரையை, அதனால் நிறம் மாறும் டி.என்.எஸ். (டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) கரைசலால் அளப்பது ஒன்று. உடையாமல் எஞ்சிய மாவுச்சத்தை அயோடினின் நீலத்தால் அளப்பது மற்றொன்று. முன்னது வரவைப் பார்க்கிறது, பின்னது இருப்பைப் பார்க்கிறது. ஒரே சாற்றுக்கு இரண்டும் வெவ்வேறு விடை தந்தால் மாணவர்கள் கைப்பிழை என்று எண்ணிக் குழாய்களைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். பல நேரங்களில் பிழை கையில் இருப்பதில்லை.

டி.என்.எஸ். கரைசலை 1921-இல் சிறுநீர்ச் சர்க்கரையை அளக்கப் பயன்படுத்தியவர் ஜேம்ஸ் சம்னர். 1926-இல் யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாக்கிப் பின்னர் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. இன்றைய செய்முறைகள் பெரும்பாலும் 1959-இல் மில்லர் வெளியிட்ட திருத்தத்தை ஒட்டியவை. கரைசலின் காரம் நொதியை அங்கேயே நிறுத்திவிடும். கொதிநீரில் 5 நிமிடம் வைத்தால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். அதை 540 நானோமீட்டரில் படித்து, மால்டோஸ் தரக்கோட்டோடு (அறிந்த அளவு மால்டோஸ் தரும் நிற அளவுகளை வைத்து வரைந்த கோடு) ஒப்பிட்டால் நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோமோல் என்று எண்ணாகவே சொல்லிவிடலாம். தரக்கோட்டைக் குளுக்கோஸில் போடுவது சரியன்று, ஏனெனில் ஒரே மோல் அளவில் இரண்டும் ஒரே நிறத்தைத் தருவதில்லை. முளைச்சாற்றில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருப்பதே இம்முறையின் பெரிய தொல்லை. ஆகவே ஒவ்வொரு சாற்றுக்கும் டி.என்.எஸ்.-ஐ முதலில் ஊற்றி நொதியைப் பிறகு சேர்த்த ஒரு பிளாங்க் குழாய் (ஏற்கெனவே இருந்த சர்க்கரையைக் கழிப்பதற்கான ஒப்பீட்டுக் குழாய்) கட்டாயம் வேண்டும்.

அயோடினுக்கு அந்தச் சர்க்கரை ஒரு பொருட்டே அன்று. செலவும் குறைவு, கண்ணாலேயே ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் சூடான குழாயில் அயோடின் விட்டால் நீலம் தோன்றாது, ஆறியதும் திரும்பிவிடும். நீர்த்தொட்டியிலிருந்து எடுத்த கையோடு சொட்டுவிட்டவர் நொதி எல்லாவற்றையும் தின்றுவிட்டதாகக் குறித்துக்கொள்வார். சாறு வடிக்க மெர்காப்டோஎத்தனால் என்னும் ஒடுக்கும் வேதிப்பொருளைச் சேர்த்திருந்தால், அது அயோடினையே நிறமிழக்கச் செய்துவிடும்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் விடைகள் விலகினால், காரணம் நொதியிலேயே இருக்கிறது. ஆல்பா அமைலேஸ் சங்கிலியை நடுநடுவே வெட்டுவதால் நீலம் வேகமாகக் குறைகிறது, சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. பீட்டா அமைலேஸ் நுனியிலிருந்து இரண்டிரண்டாகக் கழற்றி மால்டோஸாக விடுவதால் சர்க்கரை குவிகிறது, நீலமோ நெடுநேரம் நிற்கிறது. தானிய முளைச்சாற்றில் இரண்டுமே இருக்கக்கூடும்.

ஆகவே பத்து வகை விதைகளைச் சலித்து ஆல்பா அமைலேஸ் மிகுந்ததைத் தேடுவோருக்கு அயோடினையே பரிந்துரைப்பேன்; அறிக்கையில் அலகு எழுத வேண்டியவருக்கு டி.என்.எஸ். தான். அங்கும், ஆல்பாவைச் சூட்டிலிருந்து காக்கக் கால்சியம் சேர்த்த சாற்றின் ஒரு பகுதியை 70 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்து, சூடு தாங்காத பீட்டாவைச் செயலிழக்கச் செய்துவிட்டு மறுபடி அளந்தால், முதல் எண்ணில் எந்த நொதிக்கு எவ்வளவு பங்கு என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும்.