கிளிஞ்சல் கிரிட்: ஈஸ்ட்ரோஜன் சுரந்த பிறகே பயன்

முட்டைக்கோழிக்குக் கால்சியம் தர விற்கும் பொருள்களில் கிளிஞ்சல் கிரிட்டுக்குத்தான் (உடைத்த கிளிஞ்சல் ஓட்டுத் துகள்) முதலிடம் தரலாம். ஆனால் சில மூட்டைகளில் 'எல்லா வயதுக்கும்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு, விடைக்கோழியின் சினைப்பையில் உள்ள சிறு கருமுட்டைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்கும். கல்லீரல் மஞ்சள்கருவுக்கான புரதத்தையும் கொழுப்பையும் தயாரிக்கும். முட்டைக்குழாய் வளரும். கால் எலும்பின் உட்குழியில் மெடுல்லரி எலும்பு என்ற கால்சியக் கிடங்கு உருவாகும். 100 மில்லி ரத்தத்தில் 10 மி.கி. அளவில் இருந்த கால்சியம் 20–30 மி.கி.க்கு ஏறிவிடும். வெளியே பார்த்தால் கொண்டை சிவந்து பெருத்திருக்கும் (இது ஆண்ட்ரோஜன் என்ற வேறு ஹார்மோனின் வேலை, ஆனாலும் அதே சமயத்தில்தான் நடக்கும்). இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழையும். கிரிட் தட்டை அப்போது வைத்தால் போதும். அதற்கு வெகு முன்பே லேயர் (முட்டையிடும் கோழி) அளவுக்குக் கால்சியம் கொடுத்தால் சேர்த்துவைக்க இடம் இருக்காது. சிறுநீரகம் பழுதாகி கவுட் (யூரிக் அமில உப்பு உடலில் படியும் நோய்) வரும்.

வாங்கும்போது துகளின் அளவைப் பாருங்கள். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு படிவது பெரும்பாலும் இரவில், கோழி தீனி எடுக்காத நேரத்தில். 2–4 மி.மீ. துகள் அரைவைப்பையில் தங்கி மெல்லக் கரையும். தூள் சீக்கிரமே கடந்து போய்விடும், பிறகு எலும்பிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். மூட்டையின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள், தூள் நிறைய விழுந்தால் அந்த மூட்டை வேண்டாம். கொஞ்சம் வினிகரில் போட்டாலும் தெரியும்: கிளிஞ்சல் நுரைக்கும், கலப்பட மணல் சும்மா கிடக்கும்.

லேயர் தீவனத்திலேயே 3.5–4% கால்சியம் இருப்பதால் கிரிட்டை அதில் கலக்கக் கூடாது. மதியத்துக்கு மேல் தனித் தட்டில் வைத்தால் தேவையான கோழி தானே கொத்தும். அப்படியும் தோல்முட்டை (கெட்டி ஓடு இல்லாத முட்டை) வந்தால் தீவனத்தில் வைட்டமின் டி3 போதுமா என்று பாருங்கள். சிறுநீரகத்தில் அதைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் வேலையை ஈஸ்ட்ரோஜன் முடுக்கிவிடும். சரக்கு இல்லாமல் எதை மாற்றுவது?

'முட்டை எண்ணிக்கை கூடும்' என்ற விளம்பரம் வெறும் பேச்சு. முட்டையிடத் தூண்டுவது 14–16 மணி நேர வெளிச்சம். இறகு உதிர்க்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும். அப்போது தட்டு தொடப்படாமல் கிடந்தால் கிரிட்டைக் குறை சொல்ல முடியாது.