போன்டியாக் 400 என்று சொல்லி 350 பிளாக்கை விற்கிறார்கள், கவனம்

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவு: போன்டியாக் என்ற அமெரிக்கக் கார் நிறுவனத்தின் 1968 ஜிடிஓ காரிலிருந்து எடுத்த 400 (கன அங்குலத்தில் எஞ்சின் கொள்ளளவு) ஷார்ட் பிளாக் (சிலிண்டர் மூடியான ஹெட் இல்லாத எஞ்சின்), டபிள்யூ-டி (WT) என்ற எஞ்சின் குறியீட்டு முத்திரையுடன். 30 தௌ போரிங் (சிலிண்டரை அகலமாகக் கடைவது), புதுப் பிஸ்டன், அரைத்த கிராங்க், புது கனெக்டிங் ராடு, புது டைமிங் செட் (கிராங்கையும் கேமையும் இணைக்கும் கியர், செயின்). கூடவே 16-ஆம் நம்பர் ஹெட் ஒரு ஜோடி. வாங்கியவருக்கு லாரியில் வந்து இறங்கியது 350. தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று தெரிந்தவர்களுக்கே இந்தப் பதிவு பயன்படும். விற்றவரின் பெயரைப் போடவில்லை. பழைய அமெரிக்க மசில் கார் எஞ்சின்களைத் தேடும் எவரிடமும் இந்த வேலையைக் காட்டலாம் என்பதால், ஆளைவிட வித்தையைத் தெரிந்துகொள்வதே முக்கியம்.

போன்டியாக்கில் இந்த ஏமாற்று எளிதாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. செவ்ரோலேவில் ஸ்மால் பிளாக், பிக் பிளாக் இரண்டும் பார்வையிலேயே வேறு. போன்டியாக் வி8-இல் 326 முதல் 455 வரை வெளியளவு ஒன்றே. வால்வு கவர், ஆயில் பேன், எஞ்சின் நீளம் எதை வைத்தும் கொள்ளளவைச் சொல்ல முடியாது. பெயின்ட் அடித்து 400 என்ற ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போட்டோவில் எல்லாமே 400தான்.

உள்ளளவு மட்டும் பொய் சொல்லாது. 350-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 3.876 அங்குலம், சுமார் 98.5 மி.மீ. 400-இன் போர் 4.12 அங்குலம், 104.6 மி.மீ. இரண்டுக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி. 350-ஐ 60 தௌ போரிங் செய்தாலும் 100 மி.மீ.தான் வரும், 400-ஐ எட்டாது. ஆகவே பத்து நிமிட வேலை, ஒரு சாதாரண வெர்னியர் போதும். இந்தப் பிளாக்கின் போர் 3.906 அங்குலம் இருந்தது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 359 கன அங்குலம் வருகிறது. 30 தௌ போரிங் செய்த அசல் 400 என்றால் 4.15 அங்குலப் போரும் 406 கன அங்குலமும் வர வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் பாருங்கள். பிஸ்டன் தலையில் 030 என்ற முத்திரை அழகாகத் தெரிகிற மாதிரி போட்டோ போட்டிருந்தார். அது பொய்யே இல்லை. 30 தௌ கூடுதல் என்று அது சொல்கிறது, எதற்கு மேல் கூடுதல் என்று சொல்வதில்லை. போருக்கு நடுவே அளவுகோல் வைத்த போட்டோ கேட்டபோது, பிஸ்டன் போட்டாயிற்று, இனி அளக்க முடியாது என்று பதில் வந்ததாம். பிஸ்டன் போட்டிருந்தாலும் அதைக் கீழே இறக்கிவிட்டு மேல்விளிம்பில் தாராளமாக அளக்கலாம். அந்தப் பதில் வந்த இடத்திலேயே பேச்சை முடித்திருக்க வேண்டும்.

இதேபோல 400-ஐ 455 என்று விற்பதும் உண்டு. அதற்குப் போரை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் 455-இன் ஸ்டாண்டர்டு போர் 4.15, 30 தௌ போரிங் செய்த 400-இன் போரும் 4.15. அங்கே பார்க்க வேண்டியது ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் போகும் தூரம்) மெயின் ஜர்னலும் (பிளாக்கின் பேரிங்கில் சுற்றும் கிராங்க் பகுதி, அதன் விட்டம்). 400-இல் ஸ்ட்ரோக் 3.75 அங்குலம், மெயின் ஜர்னல் 3 அங்குலம். 455-இல் ஸ்ட்ரோக் 4.21, மெயின் ஜர்னல் 3.25. ஹெட் கழற்றிய பிளாக்கில் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தி, அது போகும் தூரத்தை அளந்தாலே தெரியும்: 95 மி.மீ.யா, 107 மி.மீ.யா.

அடுத்தது முத்திரை. எஞ்சின் குறியீட்டு எழுத்துகள் பிளாக்கின் முன்பக்கத்தில், பயணி அமரும் பக்கம், ஹெட்டுக்குக் கீழே இருக்கும். டபிள்யூ-டி என்பது 1968 ஜிடிஓவில் கைக் கியர் வைத்த 350 குதிரைத்திறன் 400. 1969-லும் அதே எழுத்துகளையே போட்டார்கள், எனவே எழுத்து மட்டும் ஆண்டைச் சொல்லாது. இந்தப் பிளாக்கில் எழுத்துகள் புதிதாக, கூர்மையாக இருந்தன. அந்த இடத்தைச் சுற்றிக் கிரைண்டர் ஓடிய தடம். சுற்றிலும் ஐம்பது வருஷத் துரு, எழுத்துக்குக் கீழே மட்டும் பளபளப்பு. 1968 முதல் காரின் அடையாள எண்ணில் ஒரு பகுதியையும் பிளாக்கில் அடித்தார்கள். போன்டியாக்கின் 2, ஆண்டுக்கு 8, ஆலைக்கு ஓர் எழுத்து, பிறகு ஆறு இலக்கம். இந்தப் பிளாக்கில் அது இல்லை. கேட்டால், தொழிற்சாலை மாற்று பிளாக்காக விற்றது, அதில் எண் அடிக்க மாட்டார்கள் என்று சொன்னாராம். மாற்று பிளாக் என்பது உண்மையிலேயே உண்டு. ஆனால் மாற்று பிளாக்கில் டபிள்யூ-டி எப்படி வந்தது? இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

முத்திரையை அடிப்பது எளிது, வார்ப்பு எண்ணை மாற்றுவது கடினம். அதனால் வார்ப்பு எண்ணையே நம்புங்கள். அது பிளாக்கின் பின்புறம், எட்டாம் சிலிண்டருக்குப் பின்னால் புடைப்பாக இருக்கும். 1968, 1969 வருஷத்து 400-க்கு 9790071. 70-களில் வந்த 400-க்கு 481988. 1975-இல் வந்த 500557 சுவர் மெலிந்தது, கூடுதல் சக்திக்குக் கட்ட நினைப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. வார்ப்புத் தேதி டிஸ்ட்ரிபியூட்டர் துளைக்கு அருகே: மாதத்துக்கு ஓர் எழுத்து (ஏ என்றால் ஜனவரி), பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். 8 என்று முடிந்தால் அது 1968-ஆகவும் இருக்கலாம், 1978-ஆகவும் இருக்கலாம். வார்ப்பு எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். கார் தயாரான நாளுக்குப் பிந்திய தேதி பிளாக்கில் இருந்தால் அந்த எஞ்சின் அந்தக் காரோடு பிறந்ததல்ல. விளம்பரப் போட்டோவில் இந்த இரண்டு இடங்களும் கிரீஸில் மூடிக் கிடந்தன. பெயின்ட் அடித்து மினுக்கிய பிளாக்கில் சரியாக எண் இருக்கும் இடத்தில் மட்டும் கிரீஸ் எதற்கு?

உள்ளே திறந்ததும் வந்த மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். "புது" ராடுகள், மணல் வீசிச் சுத்தம் செய்த பழைய வார்ப்பு ராடுகள். போன்டியாக் அந்தக் காலத்தில் பெரும்பாலும் வார்ப்பு ராடுதான் போட்டது. அதிக ஆர்.பி.எம்.மில் இந்த எஞ்சினின் பலவீனமே அதுதான், உடைந்தால் பிளாக்கையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அச்சுக் கோடு மெல்லிய இழையாக ஓடினால் வார்ப்பு, அகலமான பட்டையாக இருந்தால் ஃபோர்ஜ் செய்தது. 6.625 அங்குல நீளத்தில் புது ஃபோர்ஜ்டு ராடு சந்தையில் கிடைக்கிறது. பழையதைச் சுத்தம் செய்து புது போல்ட் போட்டு மறுஅளவு செய்யும் கூலியோடு ஒப்பிட்டால் புதுசு வாங்குவதே புத்திசாலித்தனம்.

டைமிங் செட்டிலும் அதே கதை. கேம் கியரின் பற்களில் நைலான் பூச்சு இருந்தது. தொழிற்சாலை சத்தத்தைக் குறைப்பதற்காகச் செய்தது அது. வருஷக்கணக்கில் வெப்பம் பட்டு நைலான் நொறுங்கி ஆயில் பேனில் விழும், பம்பின் வலையை அடைக்கும், ஆயில் பிரஷர் போகும், பேரிங் போகும். முழு உலோகக் கியர் இல்லாத டைமிங் செட் புதுசு அல்ல.

மோசமானது மெயின் கேப், அதாவது கிராங்கைப் பிளாக்கோடு இறுக்கிப் பிடிக்கும் மூடி. கிராங்கைக் கையால் சுற்றும்போது ஓரிடத்தில் பிடித்தது. மூன்றாவது கேப்பின் போல்ட்டைத் தளர்த்தியதும் லேசாகச் சுற்றியது. அந்தக் கேப் வேறு பிளாக்கிலிருந்து வந்தது. ஐந்து கேப்களையும் அந்தந்தப் பிளாக்கில் இறுக்கிய நிலையில்தான் துளையிடுவார்கள். வேறு கேப் போட்டால் துளை ஒரே நேர்கோட்டில் நிற்காது. அதைச் சரிசெய்ய லைன் ஹோனிங் வேண்டும், அதற்கு ஒரு நல்ல மெஷின் ஷாப் வேண்டும். பரிசோதிக்க விரும்பினால் முன்னுள்ள நான்கு கேப்களையும் 100 அடி-பவுண்டுக்கும் பின் கேப்பை 120-க்கும் இறுக்கி, பேரிங் இல்லாமல் போர் கேஜ் வைத்து ஒவ்வொரு துளையையும் அளக்கலாம்.

ஹெட்டுகளின் நம்பர் உண்மைதான், எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மேலே 16 என்று வார்த்திருந்தது. ஆனால் ஒன்றில் நடு எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளுக்கு இடையே விரிசல். போன்டியாக்கில் நடுவிலுள்ள இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வெப்பம் அங்கேதான் குவிகிறது. அலுமினியப் பெயின்ட்டுக்கு அடியில் இதெல்லாம் தெரியாது. பெயின்ட் அடித்த எரியறையைப் பார்த்தால் விலை பேசவே வேண்டாம். மற்றொன்று, 16 ஹெட்டின் வால்வுகள் 2.11, 1.77 அங்குலம். 350-இன் குறுகிய போரில் மேல்விளிம்பை வெட்டாமல் அதை மாட்டினால் வால்வு சிலிண்டர் விளிம்பில் இடிக்கும். அதாவது அப்படி வெட்டாமல் இந்த ஹெட்டும் இந்தப் பிளாக்கும் ஒரே எஞ்சினில் ஓடியிருக்கவே முடியாது.

பயன்படுத்திய கேம்ஷாஃப்டோடு லிஃப்டர்களை (கேமின் மேடுகள் தள்ள, வால்வைத் திறக்கும் உருளைகள்) ஒரு பையில் கொட்டிக் கொடுத்தால் இரண்டையும் பழைய இரும்புக்குப் போடலாம். ஃபிளாட் லிஃப்டர் கேமின் எந்த மேடோடு தேய்ந்ததோ அதோடுதான் ஓட வேண்டும். மாறிப் போனால் சில நிமிடத்திலேயே மேட்டைத் தின்றுவிடும்.

இந்த வியாபாரம் முழுக்க எடையை நம்பி நடக்கிறது. முழு எஞ்சின் 290 கிலோ வாக்கில், ஷார்ட் பிளாக்கும் ஆள் தூக்குகிற கனமில்லை. திருப்பி அனுப்பும் லாரிச் செலவைக் கேட்டதும் வாங்கியவர் அடங்கிப் போவார் என்று விற்பவருக்குத் தெரியும். ஆகவே பணம் போகுமுன் எழுத்தில் கேளுங்கள்: எட்டுப் போர்களின் அளவு, கிராங்கின் மெயின், ராடு ஜர்னல் அளவு (10 தௌ குறைத்ததா, 20 தௌவா), சிலிண்டர் சுவரின் மீயொலித் தடிமன். சுவர் எந்த இடத்திலும் 120 தௌவுக்குக் கீழே போகக் கூடாது. வருஷக்கணக்கில் வெளியே கிடந்த எஞ்சினாக இருந்தால் குளிரில் தண்ணீர் உறைந்து வெடித்திருக்கிறதா என்று வெளிச்சுவரிலும், லிஃப்டர் பள்ளத்திலும் காந்தத் துகள் சோதனை செய்த ரசீது வேண்டும். மெஷின் ஷாப் ரசீதைக் காட்டினால் அந்த ஷாப்பையே நேரடியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். உறவினருக்கு அனுப்புவதுபோல் பணம் அனுப்பச் சொன்னால், அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை. கிரெடிட் கார்டுக்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம். லாரி வந்ததும் பெட்டியைத் திறந்து வெர்னியரை வைத்துவிட்டு, குறை இருந்தால் அதை டெலிவரி ரசீதிலேயே எழுதி, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு 350 கையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு சேதி. கிராங்கை வீசிவிடாதீர்கள். 350-க்கும் 400-க்கும் ஸ்ட்ரோக்கும் மெயின் ஜர்னலும் ஒன்றே. விரிசல் சோதனையில் தேறினால், 400-இன் பிஸ்டனுக்கும் ராடுக்கும் ஏற்பப் பேலன்ஸ் செய்து அசல் 9790071 பிளாக்கில் அதையே போடலாம்.