அக்டோபரில் ஆல்பட்ராஸ் டூர் விற்றால் பணம் கட்டாதீர்கள்

தீபாவளி விடுமுறைக்கு ஆல்பட்ராஸ் என்கிற கடற்பறவையும் பென்குயினும் பார்க்க நியூசிலாந்து போக, பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு டிராவல் கடையில் பணம் கட்டி ஏமாந்தோம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் எங்கள் மனு நிலுவையில் இருப்பதால் கடைப் பெயர் போடவில்லை. இந்த வருடமும் அதே பேக்கேஜை அதே மாதத்துக்கு விற்கிறார்கள் என்று தங்கை சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இடம், டுனெடின் நகரை ஒட்டிய ஒட்டாகோ தீபகற்பம். கடைக் கண்ணாடியில் இருந்த போஸ்டரில் மலை உச்சியில் புகையும் நெருப்புக் குழம்பும். "எரிமலை மேலேயே நடக்கலாம் அக்கா. பென்குயின் கையெட்டுற தூரத்துல நிக்கும்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. எரிமலை இருந்தது உண்மைதான். ஆனால் அது அடங்கி ஏறக்குறைய ஒரு கோடி வருடம் ஆகிறது. தேய்ந்துபோன அதன் வயிற்றில்தான் இப்போது துறைமுகத் தண்ணீர் நிற்கிறது. அங்கே நாங்கள் பார்த்த ஒரே புகை எங்கள் வேன் விட்டதுதான்.

முதல் அடி, 'விசா கட்டணம்' என்று தலைக்கு 850 வெள்ளி (ரிங்கிட்). மலேசியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா போக விசாவே வேண்டாம். மின்னணு அனுமதி போதும். கைப்பேசிச் செயலியில் நாமே விண்ணப்பித்தால் 17 நியூசிலாந்து டாலர், கூடவே சுற்றுலா வரி 100 டாலர். நம் காசுக்கு ஏறக்குறைய முந்நூறு வெள்ளி. நாங்கள் நாலு பேர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆல்பட்ராஸ். இறக்கையை விரித்தால் மூன்று மீட்டர் வரும் பறவை. மற்றபடி ஆளில்லாத் தீவுகளில் குஞ்சு பொரிப்பது, இங்கே தையாரோவா முனையில் வண்டி போகிற இடத்திலேயே கூடு கட்டுகிறது. அதைக் கண்ணாடி அறையிலிருந்து பார்க்கத்தான் போனோம். கூடு கட்டி முட்டையிடும் காலம் என்று செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை அந்த அறையை ஒவ்வொரு வருடமும் மூடிவிடுவார்களாம். டிக்கெட் கவுண்டர் பெண் இதைச் சொன்னபோது என் மாமியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வெளியே குன்றோரம் நின்றால் பறந்து போவது தெரியும், அதற்குக் காசு கிடையாது. எங்களிடம் அதற்கும் வாங்கியிருந்தார்கள்.

'வழிகாட்டியுடன் வனவிலங்கு நடை' என்று எழுதியிருந்தது. வழிகாட்டி யார் என்றால் வேன் ஓட்டுநர்தான். சாண்ட்ஃபிளை பே என்கிற கடற்கரைக்கு மேலே மேட்டில் இறக்கிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து 'பை' (pie) பலகாரம் தின்றார். சாண்ட்ஃபிளை என்றால் கடிக்கிற மணல் ஈ, அந்தப் பெயரைப் பார்த்துப் பூச்சி மருந்தெல்லாம் வாங்கிப் போயிருந்தோம். அங்கே பறப்பது பூச்சி இல்லை, மணல். செங்குத்தான மணல்மேட்டில் சறுக்கி இறங்கிவிடலாம், ஏறும்போதுதான் ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே போகும். முட்டிவலிக்காரரான மாமியாரை ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்துத் தூக்கி வந்தோம். அதற்கு முன் கீழே, ஒரு பழுப்புப் பாறைக்குப் பக்கத்தில் பையனை நிறுத்திப் படம் எடுக்கப் போனேன். பாறை கொட்டாவி விட்டது. கடல் சிங்கம்! இருபது மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்று அந்த ஊர் அம்மா ஒருவர் கத்தித்தான் எங்களுக்குத் தெரியும்.

பென்குயின்? நீலப் பென்குயின் இருட்டிய பிறகுதான் கரையேறும். அங்கே அக்டோபரில் எட்டு மணி வரை வெளிச்சம். ஓட்டுநருக்கு ஆறு மணியோடு வேலை முடிந்தது.

திரும்பி வந்து கேட்டால், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'நிகழ்ச்சி மாற்றத்துக்கு உட்பட்டது' என்று இருப்பதைக் காட்டினார் கவுண்டர் தம்பி. சமாதானத்துக்கு லங்காவி வவுச்சர் 200 வெள்ளி, வேண்டாம் என்றோம். பணம் போனது கம்பெனி கணக்குக்கு இல்லை, ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு. அப்போதே உறைத்திருக்க வேண்டும், சரி. சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் எண்ணையும் கேட்காமல் விட்டேன்.

இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அந்தக் கவுண்டர் தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தது இப்போது உதவுகிறது.

பென்குயினை மட்டும் விடவில்லை. அந்த டூருக்கு மறுநாள் அங்கேயே நாங்களே டிக்கெட் எடுத்து, டாக்சி பிடித்து, ராத்திரி போய்ப் பென்குயின் பார்த்தோம். ஒரு அடி உயரம், வரிசையாக ஆடி ஆடி வந்தன. மாமியார் சிரித்துவிட்டார். அந்த டாக்சி ரசீதையும் மனுவோடு இணைத்திருக்கிறேன்.