அத்தையின் விரல் ரேகை: நாலு வருட அனுபவம்

முக்கூடல் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுக்கு. எதிர்வீட்டில் அப்பாவின் அக்கா தனியாக இருக்கிறார். 74 வயது, பிள்ளைகள் இல்லை. மாத்திரை, ரேஷன், பென்ஷன் என்று அத்தைக்காக நாலு வருடமாக நான்தான் அலைகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் எங்கள் தெருவுக்கு வரக் கொஞ்ச நாள் ஆனது. வருவது பக்கத்துத் தெருப் பெண்தான். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்ப்பார், விரலில் குத்திச் சுகர் பார்ப்பார், நோட்டில் எழுதிக்கொண்டு சுகருக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு அம்லோடிபினும் கொடுப்பார். முன்பு மாத்திரை தீர்ந்தால், பஸ் ஏற முடியாமல் அத்தை அப்படியே விட்டுவிடுவார். இப்போது "நேத்து மாத்திரை போட்டீங்களா ஆச்சி?" என்று வாசலில் வந்து கேட்க ஓர் ஆள் இருக்கிறது. அந்தப் பெண் பிரசவத்துக்குப் போனபோது மட்டும் இரண்டு மாதம் யாரும் வரவில்லை. நாங்களே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வாங்கினோம்.

ரேஷன்தான் பாடாய்ப் படுத்தியது. அத்தை சின்ன வயதிலேயே பீடி சுற்ற உட்கார்ந்தவர். மடியில் சுளகு, நனைத்து வெட்டிய இலை, தூள், நூல். ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு என்று ஐம்பது வருடம் உருட்டியதில் கட்டைவிரல் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. மெஷினில் ரேகை விழாது. கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். கருவிழி பார்க்கும் கருவி வந்தது, அத்தைக்குக் கண்ணில் புரை. "நாளைக்கு வாங்க" என்று ஒரே மாதத்தில் இரண்டு தடவை அனுப்பினார்கள். "சுத்துன கைக்கு அரிசி இல்லியாம்ட்டி" என்று வெறும் பையோடு வந்து நின்றதை மறக்க முடியவில்லை.

அப்புறம்தான் அங்கீகாரச் சான்று பற்றித் தெரிந்தது. கடைக்கு வர முடியாத முதியவர்கள், தங்களுக்குப் பதிலாக வாங்க ஓர் ஆளை எழுதிக் கொடுக்கலாம். அதற்கான படிவம் இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை. உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்.

பென்ஷன் 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். கணக்கில் ஒழுங்காக ஏறுகிறது. ஆனால் ஊருக்கு வரும் வங்கி ஆளிடமும் அதே ரேகை மெஷின்தான்! பாஸ்புக்கோடு கிளைக்கே போய் எடுக்கிறோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. காலை வண்டியை விட்டால் மத்தியானம்தான் அடுத்தது.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்து, 70 வயது தாண்டியவர்களுக்கு அரிசி வீட்டுக்கே வரத் தொடங்கியது. வண்டியோடு மெஷினும் வந்தது. அன்றைக்கு எல்லா விரலையும் வைத்துப் பார்த்ததில், பீடிக்கு அதிகம் வேலை கொடுக்காத இடது மோதிர விரல் பதிந்தது. இப்போது மெஷினைக் கண்டாலே அத்தை அந்த விரலைத்தான் முதலில் நீட்டுகிறார்.