டெனுவோ, ஸ்டீம், ஜிஓஜி: கேம்களுக்கு எந்தப் பூட்டு நியாயம்?

கணினி கேம்களைத் திருட்டு நகலிலிருந்து காப்பாற்ற இன்று பதிப்பாளர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. டெனுவோ போன்ற கனமான மென்பொருள் பூட்டைப் போடலாம். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையின் மெல்லிய பூட்டோடு நிறுத்திக்கொண்டு விலையையும் வசதியையும் நம்பலாம். அல்லது ஜிஓஜி என்ற விற்பனைத் தளத்தில் பூட்டே இல்லாமல் விற்கலாம். "எது கிராக் ஆகாமல் (உடைபடாமல்) தாங்குகிறது?" என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இவற்றை வழக்கமாக ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது போதாது. காசு கொடுத்து வாங்கியவரை அந்தப் பூட்டு என்ன பாடுபடுத்துகிறது, பத்து வருடம் கழித்தும் அந்த கேம் ஓடுமா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்போது தரவரிசையே மாறிவிடும்.

முதலில் பழைய பூட்டுகள். இன்றைய சண்டைக்கு விதை போட்டது அவைதான். 1990-இல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' பெட்டிக்குள் ஓர் அட்டைச் சக்கரம் இருக்கும். திரையில் ஒரு கடற்கொள்ளையனின் முகம் வரும். சக்கரத்தைச் சுழற்றி அந்த முகத்தைப் பொருத்தி, அதில் தெரியும் எண்ணைத் தட்டினால்தான் கேம் நகரும். ஜெராக்ஸ் எடுத்தால் தீர்ந்தது கதை. ஆனால் அந்தப் பூட்டு யாருடைய கணினியையும் கெடுக்கவில்லை.

சிடி காலத்தில் வந்தவை வேறு ரகம். சேஃப்டிஸ்க், ஸ்டார்ஃபோர்ஸ் போன்ற பூட்டுகள் விண்டோஸின் அடியாழத்தில் டிரைவர்களாக, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும் நிரல்களாகக் குடியேறின. 2007-இல் சேஃப்டிஸ்க்கின் டிரைவரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரியவந்தது. அதன் வழியாக நுழைபவருக்குக் கணினியின் முழுக் கட்டுப்பாடும் கிடைத்துவிடும் என்பதால் மைக்ரோசாஃப்ட் ஒரு பேட்ச் (திருத்த நிரல்) வெளியிட வேண்டியிருந்தது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த டிரைவருக்கு இடமே கொடுக்கவில்லை. விளைவு என்ன? காசு கொடுத்து வாங்கிய அசல் சிடிக்கள் ஓடவில்லை. அதே கேம்களின் கிராக் செய்த நகல்கள் ஓடின.

2008-இல் வந்த 'ஸ்போர்' இதன் உச்சம். செக்யூராம் என்ற பூட்டு, மூன்றே மூன்று ஆக்டிவேஷன், அதாவது மூன்று முறைதான் கணினியில் நிறுவிப் பதிய முடியும். கேம் கடைக்கு வருவதற்கு முன்பே கிராக் வெளியாகிவிட்டது. அந்த ஆண்டு டோரென்ட் என்ற கோப்புப் பகிர்வு வழியில் அதிகம் இறக்கப்பட்ட கேமாகவும் அதுவே ஆனது. டோரென்ட்ஃப்ரீக் தளத்தின் கணக்குப்படி சுமார் 17 லட்சம் முறை. அமேசானில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அதன் பதிப்பாளரான இஏ நிறுவனம் ஆக்டிவேஷன் எண்ணிக்கையை ஐந்தாக உயர்த்தியது. பூட்டு தடுத்து நிறுத்தியது வாங்கியவர்களை மட்டும்தான். அதே ஆண்டில் யூபிசாஃப்ட் 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2'-க்கு அதிகாரபூர்வமாக ஒரு பேட்ச் கொடுத்தது. திறந்து பார்த்தால், ரீலோடட் என்ற கிராக் குழுவின் பெயர் அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்தது. சொந்தப் பூட்டால் அவதிப்பட்ட வாடிக்கையாளருக்கு, பூட்டை உடைத்தவர்களின் வேலையையே எடுத்துக் கொடுக்கும் நிலைக்கு ஒரு பெரிய நிறுவனம் வந்திருந்தது.

டெனுவோ

செக்யூராமை உருவாக்கியவர்களே ஆஸ்திரியாவில் தொடங்கியது டெனுவோ. 2014-இல் 'ஃபிஃபா 15' மூலம் சந்தைக்கு வந்தது. அது தனியாக நிற்கும் பூட்டு அல்ல. ஸ்டீம் போன்ற தளத்தின் உரிமச் சோதனைக்கு மேல் போட்ட கவசம். கேமின் நிரல் துண்டுகளை உருமாற்றி, ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் (நிரலாலேயே செய்த ஒரு கற்பனைக் கணினிக்குள்) சுழலவிடுகிறது. முதல் முறை கேமைத் திறக்கும்போது சர்வரிலிருந்து அந்தக் கணினிக்கு மட்டுமேயான ஒரு டோக்கன், அனுமதிச் சீட்டு போல, இறங்கும். இந்தச் சோதனைகள் கேம் முழுக்கத் தூவப்பட்டிருப்பதால் ஓரிடத்தில் உடைத்தால் போதாது.

பலன் தந்ததா என்றால், தந்தது. 2016 ஜனவரியில் வந்த 'ரைஸ் ஆஃப் த டோம்ப் ரெய்டர்' கிராக் ஆக ஆகஸ்ட் ஆயிற்று. ஆனால் மறு ஆண்டே 'ரெசிடென்ட் ஈவில் 7' ஐந்து நாளில் விழுந்தது. அப்புறம் டெனுவோ மீண்டும் கெட்டிப்பட்டது. இப்படி ஏறி இறங்கித்தான் வந்திருக்கிறது.

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது வில்லியம் வோல்க்மன் என்ற ஆய்வாளரின் கட்டுரை. ஸ்டீமில் வெளிவந்த டெனுவோ கேம்களின் விற்பனைப் போக்கை எடுத்து, கிராக் வந்த வாரத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். வெளியான சூட்டோடு கிராக் ஆகிவிட்டால் மொத்த வருமானத்தில் சராசரியாக 20 சதவீதம் வரை போகிறது. 12 வாரம் தாங்கிவிட்டால், அதற்குப் பிறகு கிராக் வந்தாலும் நஷ்டம் கிட்டத்தட்ட பூஜ்யம். திருட்டு நகலால் யாருக்கும் நஷ்டமில்லை என்று வாதாடுகிற நண்பர்கள் முதல் எண்ணை ஏற்க வேண்டும். டெனுவோவை ஆண்டுக்கணக்கில் கழற்றாமல் வைத்திருக்கும் பதிப்பாளர்கள் இரண்டாவது எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அந்தக் கூடுதல் ஆண்டுகளுக்கான விலையைக் கொடுப்பது வாங்கியவர்தான். 'டெக்கன் 7'-இல் சில அடிகளின்போது ஃபிரேம் விழுவதற்கு (காட்சி தடுமாறுவதற்கு) டெனுவோவே காரணம் என்று அந்த கேமின் தலைவர் கட்சுஹிரோ ஹராடாவே 2018-இல் சொன்னார். 2021-இல் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' சுடும்போதெல்லாம் திக்கியது. கிராக் செய்த நகல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதில் டெனுவோவோடு அதன் பதிப்பாளர் கேப்காமின் சொந்தப் பூட்டும் சேர்ந்திருந்ததால் முழுப் பழியையும் டெனுவோ மேல் போட முடியாது. ஆனாலும் கேப்காம் பேட்ச் கொடுத்துத்தான் சரிசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் டெனுவோவின் சர்வர் முகவரியில் ஏற்பட்ட கோளாறால் பல கேம்கள் சில மணி நேரம் திறக்கவே மறுத்தன. காசு கொடுத்தவர் காத்திருந்தார். கிராக் வைத்திருந்தவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது.

நடுவில் ஒரு கிளைப்பாதை. சில ஸ்டுடியோக்கள் பூட்டுக்குப் பதில் பொறி வைத்தன. திருட்டு நகலில் 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' விளையாடினால் பேட்மேனால் அங்கியை விரித்துப் பறக்க முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2006-இல் 'டைட்டன் க்வெஸ்ட்' இதேபோல் திருட்டு நகலில் வேண்டுமென்றே நின்றுபோனபோது, "பிழைகள் நிறைந்த கேம்" என்று ஊரெல்லாம் பேர் கெட்டது. அதை உருவாக்கிய அயர்ன் லோர் 2008-இல் மூடப்பட்டது. மூடியதற்கு அது ஒன்றே காரணமல்ல. ஆனாலும் பொறியால் ஊர் வாயைக் கட்ட முடியாது. வெளியில் பேசுகிறவர் அசலை வாங்கினாரா, திருடினாரா என்று கேட்பவருக்குத் தெரியப்போவதில்லை.

ஸ்டீம்

ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் டெவலப்பர்களுக்கான வழிகாட்டியில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: ஸ்டீமின் உறை (கேமைச் சுற்றிய அந்த மெல்லிய பூட்டு) மட்டும் திருட்டைத் தடுக்காது, முனைந்தவர் எளிதாகக் கழற்றிவிடுவார். அசல் நகலுக்குக் கூடுதல் மதிப்பு சேர்ப்பதுதான் வழி என்கிறது. தானாக வரும் அப்டேட், மேகத்தில் சேமிப்பு, நண்பர்களோடு ஆடும் வசதி, பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைப்பது என்று ஸ்டீமில் அத்தகைய வசதிகளின் பட்டியல் நீள்கிறது. திருட்டு என்பது பெரும்பாலும் விலைப் பிரச்சினை அல்ல, சேவைப் பிரச்சினை என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2011-இல் சொன்னதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு ரஷ்யா. அங்கே திருடர்கள் மொழிபெயர்த்துக் கொடுத்த வேகத்துக்கு அசல் நிறுவனங்கள் ஈடுகொடுக்கவில்லை என்பது அவர் வாதம்.

நம் ஊருக்கு இந்த வாதம் முக்கால்வாசி பொருந்தும். சென்னையின் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கிராக் கேம் சிடிக்கள் குவிந்து கிடந்த காலத்தில், அசல் கேம் வாங்க நினைத்தவருக்கு அது எங்கே கிடைக்கும் என்பதே புதிராக இருந்தது. இணையத்தில் வாங்கலாம் என்றால் விலை டாலரில், அதற்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு ஒத்துக்கொள்ளும் கார்டு வேண்டும். 2015-இல் ஸ்டீம் ரூபாயில் விலை போடத் தொடங்கியது. இன்று யுபிஐ-யில் கட்டிவிடலாம். கோடைக்காலத் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கும் ஒரு தலைமுறையே உருவாகியிருக்கிறது. மீதிக் கால்வாசி? விலையேதான். பெரிய கேம்கள் இங்கே 4,000 ரூபாயைத் தாண்டி வெளியாகும்போது, ஒரு கல்லூரி மாணவரிடம் போய் இது சேவைப் பிரச்சினை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஸ்டீமின் பெரிய குறை பத்து வருடக் கேள்வியில் இருக்கிறது. நாம் வாங்குவது கேமை அல்ல, உரிமத்தை. கலிஃபோர்னியா கொண்டுவந்த புதிய சட்டத்தை ஒட்டி, 2024 அக்டோபரில் ஸ்டீம் தன் கட்டணப் பக்கத்திலேயே இதை எழுதிவிட்டது. அதோடு, ஸ்டீமில் வாங்கினாலும் பதிப்பாளரின் சொந்த சர்வர் போய்விட்டால் ஸ்டீம் காப்பாற்றாது. யூபிசாஃப்ட் 2024 மார்ச்சில் 'தி க்ரூ'வின் சர்வர்களை நிறுத்தியதும் தனியாக ஓட்ட நினைத்தவர்களால்கூட அதைத் தொட முடியவில்லை. அதைப் பார்த்துத்தான் யூடியூபர் ராஸ் ஸ்காட், விற்ற கேம்களைச் செயலிழக்கச் செய்யாதே என்று கேட்கும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். 2025-இல் ஐரோப்பாவில் அதன் கையெழுத்துகள் பத்து லட்சத்தைக் கடந்தன.

ஜிஓஜி

பூட்டே இல்லாமல் விற்பது லட்சியவாதிகளின் கனவு என்று தோன்றலாம். ஆனால் அதைச் செய்தவர்கள் திருட்டு நகல் சந்தையின் நடுவில் பிழைத்தவர்கள். 1994-இல் வார்சாவில் சிடி ப்ராஜெக்ட் தொடங்கியபோது போலந்தில் கேம் என்றால் சந்தைத் திடலில் விற்கும் நகல்தான். 1999-இல் 'பால்டர்ஸ் கேட்'டை அவர்கள் வெளியிட்ட விதம் இன்றும் பாடம். பூட்டைப் பற்றிக் கவலைப்படாமல், போலிஷ் நடிகர்களை வைத்து முழுக்கக் குரல் கொடுத்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், இசை சிடி எல்லாம் வைத்தார்கள். முதல் நாளே 18,000 பிரதிகள் போயின. திடல் வியாபாரியால் அந்தப் பெட்டியைத் தர முடியவில்லை.

அதே நிறுவனம் 2008-இல் ஜிஓஜியைத் தொடங்கியது. அதன் அடிப்படை, ஆஃப்லைன் இன்ஸ்டாலர். இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்துவிட்டால் இணையமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். 2011-இல் 'தி விட்சர் 2' இரண்டு வடிவிலும் ஒரே நாளில் வந்தது: கடைப் பெட்டியில் செக்யூராம், ஜிஓஜியில் பூட்டில்லை. டோரென்ட்டில் பரவியது பூட்டை உடைத்த கடை வடிவம்தான் என்று நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி சொன்னார். சில நாட்களிலேயே பேட்ச் மூலம் செக்யூராமையும் கழற்றிவிட்டார்கள். 2015-இல் பூட்டில்லாமலும் விற்கப்பட்ட 'தி விட்சர் 3' ஐந்து கோடிப் பிரதிகளைக் கடந்தது. 2023-இல் லேரியன் ஸ்டுடியோவின் 'பால்டர்ஸ் கேட் 3' டெனுவோ இல்லாமல், ஜிஓஜியிலும் வந்து வென்றது.

இதை வைத்து எல்லாருக்கும் பூட்டு வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஊரே கொண்டாடும் கேமுக்குப் பொருந்துவது சின்ன ஸ்டுடியோவுக்குப் பொருந்தாமல் போகலாம். 2013-இல் 'கேம் டெவ் டைகூன்' பூட்டில்லாமல் வெளியானது. அதன் திருட்டு வடிவத்தையும் அதன் படைப்பாளிகளே டோரென்ட்டில் போட்டுக் கணக்கெடுத்தார்கள். முதல் நாள் முடிவில் அசல் 214, திருட்டு 3,104. அந்த எண்களைப் பார்த்தவருக்கு இரவு தூக்கம் வந்திருக்காது. ஜிஓஜிக்கு வேறு குறைகளும் உண்டு: பெரிய பதிப்பாளர்கள் தாமதமாக வருகிறார்கள் அல்லது வருவதே இல்லை, ஸ்டீமில் வரும் பேட்ச் சில நேரம் இங்கே பின்தங்குகிறது.

அப்படியானால் என் வரிசை இது. ஒரே ஆள் விளையாடும் கேம், ஜிஓஜியில் இருக்கிறது, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் அங்கே வாங்கி இன்ஸ்டாலரைப் பத்திரப்படுத்துவேன். நண்பர்களோடு ஆடுவதென்றால் ஸ்டீம். டெனுவோ போட்ட கேமை வெளியான அன்று வாங்குவதில்லை. ஸ்டீம் கடைப் பக்கத்தில், மூன்றாம் தரப்பு டிஆர்எம் (இத்தகைய பூட்டுகளின் பொதுப்பெயர்) என்ற கட்டத்தில் டெனுவோ பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பல பதிப்பாளர்கள் கொஞ்ச காலம் கழித்து அதைக் கழற்றிவிடுகிறார்கள். 'டூம்' 2016 மே மாதம் வந்தது, டிசம்பரிலேயே கழன்றது. 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்'-க்கு 2023 வரை ஆயிற்று. அதற்குள் விலையும் இறங்கியிருக்கும்.

பதிப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முதல் 12 வாரம் டெனுவோ வைத்துக்கொள்ளட்டும், அந்த வருமானம் ஸ்டுடியோவில் உழைத்தவர்களுக்குச் சோறு போடுகிறது. எந்தத் தேதியில் கழற்றுவோம் என்பதைக் கடைப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிவிடட்டும்.