பத்து வருஷம், மூன்று கணக்கு முறை: காரைக்குடியிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

கையில் நூறு ரூபாய் இருந்தால் எண்பதை எங்கே ஒளித்து வைக்கலாம் என்று யோசிக்கிற ஆள் நான். அந்த நூறோடு இன்னும் இருபதைக் கடன் வாங்கி, வந்தவர்களுக்கெல்லாம் டீயும் வடையும் வாங்கித் தருகிற ஆள் என் வீட்டுக்காரர். 2016 ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். நான் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் கல்யாண வீடுகளுக்குப் போட்டோ, வீடியோ எடுப்பவர். எனக்கு மாதச் சம்பளம். அவருக்கு முகூர்த்தம் இருந்தால்தான் வருமானம்; ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பையை விட்டு வெளியே வராது. இப்படி இரண்டு பேர் ஒரு வீட்டுச் செலவை எப்படி ஓட்டினோம், எந்த முறையை எவ்வளவு நாள் பயன்படுத்தினோம், எது எங்கே உடைந்தது என்பதை எழுதி வைக்கிறேன். தொகைகள் எங்கள் வீட்டுடையவை.

முதலில் கூட்டுக் கணக்கு. அதை நாங்கள் யோசித்துத் தொடங்கவில்லை. கல்யாணச் செலவெல்லாம் போக மொய்ப் பணத்தில் 86,000 ரூபாய் மிச்சம் இருந்தது, பெரும்பாலும் 500, 1000 நோட்டுகள். மூன்றாவது மாதம், நவம்பர் 8 ராத்திரி, அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். பீரோவில் இருந்த பணத்தை அள்ளிக்கொண்டு வரிசையில் நின்று கட்டினோம். கட்டுகிற இடத்திலேயே இரண்டு பேர் பேரிலும் கணக்கு, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகு இருவர் வருமானமும் அதில்தான் விழுந்தது.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வம்பு எங்கே வந்தது என்றால், குறுஞ்செய்திகள் என் போனுக்கு மட்டும் வந்தன. எட்டாம் வகுப்பில் வட்டிக் கணக்கு நடத்திக்கொண்டிருப்பேன். முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கத்து ஏடிஎம்மில் 2,000 எடுத்ததாகச் செய்தி வரும். அந்தத் தெரு முழுக்கப் பழைய சாமான் கடைகள். சாயங்காலம் ஒரு எனாமல் தூக்கோ, மரவை என்கிற பழைய மரப் பாத்திரமோ வீட்டுக்கு வரும் என்று மதியமே எனக்குத் தெரிந்துவிடும். வந்ததும் கேட்பேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது. ஆறு மாதத்தில் அவர் வேறு வழி கண்டுபிடித்தார்: கல்யாண வீட்டு முன்பணத்தை ரொக்கமாகவே வாங்கி, ரொக்கமாகவே செலவழித்தார். கணக்கில் வராத பணத்துக்கு எந்தப் போனிலும் செய்தி வராதே. நான் பார்க்கப் பார்க்கப் பணம் என் கண்ணுக்குத் தெரியாத பக்கமாக நகர்ந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஓட்டினோம். இரண்டு பேருக்கும் நிரந்தர வருமானம், ஒரே மாதிரி கை என்றால் இந்த முறை போதும். எங்களுக்கு ஆகவில்லை.

அடுத்து நோட்டு, அப்புறம் செயலி. 2019 தொடக்கத்தில் நான் ஒரு நீள நோட்டு போட்டு வரவு, செலவு, இருப்பு என்று எழுத ஆரம்பித்தேன். முதல் மாதம் பால், காய், காஸ், டீ எல்லாம் தனித்தனியாக இருந்தது. நான்காம் மாதம் ‘இதர’ என்ற பத்திதான் எல்லாவற்றிலும் பெரியது. அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ரிசப்ஷன் முடித்து வருகிற மனிதரிடம் காலையிலிருந்து என்ன செலவு என்று கேட்டால் என்ன சொல்வார்? ‘இதர’ என்பார்.

செயலி இன்னும் வேடிக்கை. குறுஞ்செய்திகளைப் படித்துத் தானே வகை பிரித்துவிடும் என்றார்கள். பிரித்தது. ஆனால் அதில் மொய் என்று ஒரு வகை கிடையாது. சொந்தக்காரர் விசேஷத்துக்குச் செய்கிற செய்முறை கிடையாது. பரிசு என்று ஒரு பெட்டி இருந்தது, அதில் எல்லாவற்றையும் போட்டது. மொய் பரிசா? எங்கள் பக்கத்தில் மொய் பாதிக் கடன், பாதிச் சேமிப்பு. நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் 500 எழுதியிருந்தால் அவர் வீட்டு விசேஷத்தில் அதற்கு மேல் கொஞ்சம் வைத்து எழுத வேண்டும். நாம் இன்று எழுதுவது நாளைக்கு நம் மகள் காதுகுத்துக்குத் திரும்பும். இதைச் செலவு என்று எழுதினால் வைகாசி மாதம் குடும்பமே திவாலானது போலச் செயலி சிவப்பு காட்டும். ஒரு வைகாசியில் மட்டும் 14,000 மொய் எழுதினோம்.

மொய்யில்தான் எங்கள் இரண்டு பேர் குணமும் நேருக்கு நேர் முட்டியது. நான் பழைய மொய் நோட்டைப் பார்த்து, அவர்கள் எழுதியதற்கு மேல் நூறு ரூபாய் சேர்ப்பேன். அவர் அந்தக் கல்யாணத்துக்கே போட்டோ எடுத்தவர். அந்த வீட்டாரிடம் சம்பளம் வாங்கியவர். ‘அவங்ககிட்டயே வாங்கிட்டு 600 எழுதினா நல்லாவா இருக்கும்?’ என்று 2,000 எழுதிவிட்டு வருவார். யோசித்துப் பார்த்தால் அது அவருக்குத் தொழில் செலவும்தான். அடுத்த மகள் கல்யாணத்துக்கும் அவரைத்தானே கூப்பிடுவார்கள். இது எனக்குப் புரிய நான்கு வருஷம் ஆனது. இப்போது எங்களிடம் மொய்க்கு மட்டும் தனி நோட்டு. உறவு மொய் என் கணிப்புப்படி, தொழில் மொய் அவர் தொழில் கணக்கிலிருந்து.

அப்புறம் 2020. கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்ற உத்தரவு வந்ததும் அவருக்கு வேலை நின்றது. எனக்குப் பாதிச் சம்பளம். அந்த வருஷம்தான் நோட்டு நிஜமாகவே உதவியது. எதை நிறுத்தலாம் என்று ஒரு ராத்திரியில் பார்த்து முடிவெடுக்க முடிந்தது. அந்த ராத்திரியில்தான் இன்னொன்றும் வெளியே வந்தது. உதவிக்கு இருந்த பையனின் சம்பளத்துக்கும் ஸ்டுடியோ வாடகைக்கும் அவர் 40,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் 1,200. ஏழு மாதம் கட்டியிருக்கிறார், 8,400 ரூபாய். எனக்குத் தெரியாது. கோபப்பட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன், ஏனென்றால் டீச்சர்கள் சேர்ந்து போட்ட சீட்டில் நான் எடுத்த 64,000 ரூபாய் என் அம்மா வீட்டு பீரோவில் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. ஒரே வீட்டில் ஒருவர் வட்டி கட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் அதைவிடப் பெரிய தொகையை வட்டியில்லாமல் பூட்டி வைத்திருக்கிறார். அந்த 8,400 ரூபாயில் பாதிக்கு நான் பொறுப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். செலவாளி மறைப்பது உடனே தெரிந்துவிடும். சிக்கனக்காரி மறைப்பதை ஊரே பாராட்டும், அதுதான் வித்தியாசம்.

மூன்றாவது முறை நாங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்தே வந்தது. ஒரு பழைய நகரத்தார் வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், வீட்டுக்கார ஆச்சி. எண்பதைத் தாண்டியவர்கள். எங்கள் சண்டை அவர்கள் காதில் விழாமல் இருக்காது; முற்றம் வைத்த வீட்டில் சத்தம் நேராகக் கீழேதான் இறங்கும். ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்கள்:

‘ஏத்தா, எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருசத்துல வேற வச்சாக. ஒரே வாசல், ஒரே வளவு, அடுப்பு மட்டும் வேற. வருசத்துக்கு நெல்லு இவ்வளவு, பணம் இவ்வளவுன்னு அளந்து குடுத்துருவாக. அதுக்குள்ள நீ என்ன ஆக்குன, என்ன வாங்குனன்னு மாமியாகூடக் கேக்க மாட்டாக. விசேசம்னா எல்லாருக்கும் ஒரே அடுப்பு.’

வேறு வைத்தல் என்பது நகரத்தார் வீடுகளில் ஊரறிந்த வழக்கம். கல்யாணமான மகனையும் மருமகளையும் வீட்டை விட்டு அனுப்புவதில்லை; அதே வீட்டில் தனி அறை, தனிச் சமையல், தனி வரவு செலவு. கோயில் கணக்கில் அந்த ஜோடி தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம்; கோயிலுக்குக் கட்டும் புள்ளி வரியும் தனி. லேவாதேவிக் கடைகளில் பெண்கள் போட்டு வைத்த பணத்தைக்கூட ஆச்சிமார் பணம் என்று தனியாக எழுதி வட்டி கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்தவை. கணக்கு கண்டிப்பாக இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, மூக்கு நுழைக்கக் கூடாத இடத்தில் நுழையவில்லை. அவர்கள் மகனுக்கும் தகப்பனுக்கும் இடையே செய்ததை நாங்கள் புருஷன் பெண்டாட்டிக்கு இடையே செய்து பார்த்தோம்.

2021 ஜூலையில் தொடங்கினோம். இப்போதைய தொகையைச் சொல்கிறேன். அவர் வருமானம் முழுக்கத் தொழில் கணக்குக்குப் போகும். தை, வைகாசி, ஆவணியில் எவ்வளவு வந்தாலும், மாதம் ஐந்தாம் தேதி அவர் தனக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் 30,000 மட்டும். மிச்சம் ஆடிக்கும் மார்கழிக்கும். எனக்கு 26,000. இருவரும் மூன்றில் இரண்டு பங்கைப் பொதுக் கணக்கில் போடுகிறோம்: அவர் 20,000, நான் 17,300. வாடகை, மளிகை, பால், மகள் பள்ளிக் கட்டணம், மாமியார் மருந்து எல்லாம் அதில். அதற்கு மேல் ஆளுக்கு 5,000 ரூபாய் கேள்வி கேட்காத பணம். இது மட்டும் சம்பள விகிதத்தில் இல்லை, சமம். மீதம் சேமிப்பு.

ஐந்து வருஷத்தில் பெரிய சண்டை குறைந்தது உண்மை. சின்னச் சின்ன ஓட்டைகள் நிறைய.

கேள்வி கேட்காத பணம் முதலில் 1,500 ரூபாய். இரண்டு வருஷம் அதை ஏற்றவில்லை. அவர் மெல்ல டீத்தூள், பிஸ்கட், நண்பர்கள் சாப்பாடு என்று பொதுக் கணக்கில் ஏற்றத் தொடங்கினார். தப்பு அவர் மேல் இல்லை, தொகை மேல். இப்போது தை பிறந்தால் இந்தத் தொகையைத் திருத்துகிறோம்.

என் பக்கம் வேறு மாதிரி. பதினான்கு மாதத்தில் என்னுடைய 1,500-ஐ ஒருநாளும் தொடவில்லை, 21,000 ஆகிவிட்டது. பழைய பீரோ கதைதான் மறுபடி. ‘இது செலவழிக்கத்தான் கொடுத்தது’ என்று அவர் சிரித்தார். இலவச டவுன் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நிற்கிறவளுக்குத் தனக்கென்று செலவழிக்கத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பருத்திக் கண்டாங்கிச் சேலை எடுத்தேன், அரக்கும் கறுப்பும் கட்டம். அதன் பிறகு ஒரு விதி: எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம், இருப்பு எவ்வளவு என்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்லிவிட வேண்டும்.

கரண்ட் பில் ஒரு தனிக் கதை. வீடியோ எடிட்டிங்குக்கு இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழ் அடுக்கிலும் விலை கூடிவிடும். அந்த எல்லையைத் தாண்டுவது அவர் வேலையால்தான் என்பதால், தாண்டிய மாதம் கூடுதல் தொகை தொழில் கணக்கில். பெட்ரோல் இன்னும் தீரவில்லை. அதே பைக்கில்தான் மகளைப் பள்ளிக்கு விடுகிறார், அதே பைக்கில்தான் மண்டபத்துக்குப் போகிறார்.

போனில் பணம் அனுப்பும்போது கணக்கு மாறிப் போவதும் உண்டு. அதற்குப் பொதுக் கணக்கை வேறு ஒரு செயலியில் வைத்தோம், சரியாகிவிட்டது.

5,000 ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும், சொந்தப் பணமாக இருந்தாலும், ஒரு வாரம் பொறுப்பது என்று ஒன்று வைத்திருக்கிறோம். போன மாசியில் அவர் மூன்று மாதப் பணத்தைச் சேர்த்து, ஒரு வாரமும் பொறுத்து, முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து ஒரு கணக்குப் பெட்டி தூக்கி வந்தார். சாய்வு மூடி, உள்ளே சில்லறைக்குக் குழிகள். விலை 11,500. எனக்கு வயிறு எரிந்தது. கேட்கவில்லை. பெட்டிக்குள் மொய் நோட்டு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

யாருக்கு ஒத்துவரும் என்றால், இரண்டு பேருக்கும் ஏதோ ஒரு வருமானம் இருக்கிற வீட்டுக்கு. ஒருவர் மட்டும் சம்பாதிக்கிற வீட்டில் கேள்வி கேட்காத பணத்தைச் சமமாகப் பிரிக்கச் சம்பாதிப்பவருக்கு மனசு வர வேண்டும். என் தங்கை வீட்டில் இரண்டு மாதத்தில் நின்றுபோனது. தலைக்கு மேல் கடன் இருக்கிறவர்களும் முதலில் வட்டியைத் தீர்க்கட்டும்.

தொடங்கிய மாதமே தபால் நிலையத்தில் மாதம் 2,000 ரூபாய்க்குத் தொடர் வைப்பு போட்டோம். அப்போது வட்டி 5.8 சதவீதம். ஒரே ஒரு மாதம் தவறியது, நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், அதையும் நான்தான் மறந்தேன். இந்த ஜூலையில் முதிர்கிறது. கட்டியது 1,20,000, கைக்கு வருவது 1,39,000 சொச்சம். அவருக்கு டிரோன் வேண்டும். அது இல்லாமல் இப்போது கல்யாண வேலையே கிடைப்பதில்லை என்கிறார். எனக்கு மாமியார் கண் ஆபரேஷனுக்கு வைத்த வளையலை மீட்க வேண்டும். ஒரு வார விதி எப்போதோ முடிந்துவிட்டது. ஆடியில் அவருக்கு வேலை இருக்காது, அப்போது உட்கார்ந்து பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறோம்.